ஆறு மணி நேர வேலைக்கு 11 வருஷ டிரிப்!

ஆபீஸ் வேலையாக வெளியூர் கிளம்பும் எல்லோருக்கும் மனதில் ஒரு கணக்கு இருக்கும். விடியற்காலை பஸ், மதியம் மீட்டிங், ராத்திரி ரயில், மறுநாள் காலை வீடு. இந்தக் கணக்கு அப்படியே நடந்துவிட்டால் அந்தப் பயணம் ஒரு மாதத்தில் மறந்துபோகும். நடுவழியில் பஸ் படுத்து, கடைசி ரயிலைக் கோட்டைவிட்டு, தெரிந்தவரின் தெரிந்தவர் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிய பயணத்தைத்தான் பத்து வருடம் கழித்தும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

இப்படிக் கணக்கு தப்பிய வேலைப் பயணங்களுக்கு ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசை ஒரு பிரெஞ்சுக்காரர் தட்டிச் சென்றுவிடுவார். அவர் பெயர் கியோம் லெ ஜென்டில். அவர் பார்க்க வேண்டிய வேலை சுமார் ஆறு மணி நேரம். வீடு திரும்ப ஆனது 11 வருடம், 6 மாதம், 13 நாள்!

அவர் போக வேண்டிய ஊர் நம்ம புதுச்சேரி. அவர் போட்ட பிளானைக் கெடுத்ததோ இன்றைய திருவண்ணாமலை மாவட்டம். அதே மாவட்டத்தில் தொடங்கும் ஜவ்வாது மலையில், 200 வருடம் கழித்து, அவர் கதைக்கு ஒரு ஜோடிக் கதையும் நடந்தது. இரண்டையும் பார்ப்போம்.

என்ன வேலை?

வெள்ளி கோள் சில சமயம் சூரியனுக்கும் பூமிக்கும் சரியாக நடுவில் வரும். அப்போது சூரிய வட்டத்தின் மேல் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு மெதுவாக நகர்ந்து போவதுபோலத் தெரியும். வெள்ளி இடைநகர்வு என்று இதற்குப் பெயர். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும். அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் வராது. 2004-லும் 2012-லும் வந்தது நினைவிருக்கலாம்.

18-ம் நூற்றாண்டில் இதற்கு ஏகப்பட்ட மவுசு. உலகின் வெவ்வேறு மூலைகளில் நின்று, அந்தப் பொட்டு சூரியனுக்குள் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் துல்லியமாகக் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுவிடலாம் என 1716-லேயே எட்மண்ட் ஹாலி எழுதிவைத்திருந்தார். அந்தத் தூரம் தெரிந்தால் மற்ற கோள்களின் தூரமும் தெரிந்துவிடும். 1761 ஜூன் 6 அன்று இடைநகர்வு. பிரான்ஸும் இங்கிலாந்தும் ஆளாளுக்கு விஞ்ஞானிகளைக் கப்பலேற்றி அனுப்பின. லெ ஜென்டிலுக்குக் கிடைத்த ஊர், அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த புதுச்சேரி.

கிளம்பும் முன்பே கெட்ட பிளான்

1760 மார்ச் 26 அன்று பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் அவர் கப்பலேறினார். வேலைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. முன்னெச்சரிக்கையான மனிதர்தான்.

ஆனால், அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜனவரி 22 அன்று, வந்தவாசியில் அவரது பயணம் கெட்டுவிட்டது. அங்கே நடந்த போரில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அடுத்து புதுச்சேரியை முற்றுகையிட்டது. 1761 ஜனவரியில் நகரம் விழுந்தது. வாட்ஸ்அப் இல்லாத காலம். வந்தவாசிச் செய்தி கப்பலேறி ஐரோப்பா போய்ச் சேரவே பல மாதம் ஆகும். எனவே நம் ஆள் நிம்மதியாகக் கடலில் வந்துகொண்டிருந்தார்.

ஜூலையில் மொரீஷியஸ் வந்து சேர்ந்தார். அன்று அது பிரெஞ்சுத் தீவு. அங்கிருந்து இந்தியாவுக்கு உடனே கப்பல் கிடைக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து 1761 மார்ச்சில் ஒரு போர்க் கப்பலில் தொற்றிக்கொண்டார். காற்று ஒத்துழைக்கவில்லை. வாரக்கணக்கில் கடலிலேயே அலைந்து, மே 24 அன்று மலபார் கரையில் மாஹேயை நெருங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. மாஹேயும் போய்விட்டது, புதுச்சேரியும் போய்விட்டது. கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார்.

ஜூன் 6 வந்தது. வானம் தெளிவாக இருந்தது. வெள்ளியும் சொன்னபடி வந்தது. லெ ஜென்டில் மட்டும் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் சரியாக ஓடாது. கப்பல் நிற்கும் இடத்தின் தீர்க்க ரேகையையும் துல்லியமாகச் சொல்ல முடியாது. எங்கே இருந்து, எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்பது தெரியாவிட்டால் அந்தப் பார்வைக்கு மதிப்பே இல்லை. கண்ணால் பார்த்தார். கணக்குக்கு உதவவில்லை.

"அடுத்ததைப் பார்த்துட்டே வர்றேன்!"

வேறு யாராவது இருந்தால் முதல் கப்பலில் ஊர் திரும்பியிருப்பார்கள். லெ ஜென்டில் வேறு ரகம். அடுத்த இடைநகர்வு 1769-ல். போய்விட்டுத் திரும்பி வருவதற்கு இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார். எட்டு வருடம்!

சும்மா உட்காரவில்லை. மடகாஸ்கரின் கிழக்குக் கரையை அளந்து வரைபடம் போட்டார். இந்தியப் பெருங்கடலில் காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கிறது, கடல் எப்படிப் போகிறது, எந்தத் தீவில் என்ன செடி, என்ன விலங்கு என்று நோட்டுகளை நிரப்பினார். பிறகு 1769 இடைநகர்வு எங்கிருந்து நன்றாகத் தெரியும் என்று கணக்குப் போட்டார். மணிலா என்று வந்தது. 1766-ல் ஒரு ஸ்பானியக் கப்பலைப் பிடித்து மணிலா போனார்.

ஊர் பிடித்தது. நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு இவரைப் பிடிக்கவில்லை. இவர் காட்டிய சிபாரிசுக் கடிதங்கள் இவ்வளவு சீக்கிரம் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கவே முடியாது, போலியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். இதற்கிடையே 1763-ன் பாரிஸ் ஒப்பந்தப்படி புதுச்சேரி மறுபடியும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்திருந்தது. பாரிஸில் இருந்த அறிவியல் அகாடமியும் புதுச்சேரியையே விரும்பியது. லெ ஜென்டில் மூட்டையைக் கட்டினார். 1768 மார்ச் 27 அன்று, பிரெஸ்டிலிருந்து கிளம்பி எட்டு வருடம் கழித்து, புதுச்சேரியில் கால்வைத்தார்.

எதிரி கொடுத்த தொலைநோக்கி

அவர் பார்த்த புதுச்சேரி, ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளியிருந்த ஊர். ஆளுநர் ழான் லா டி லோரிஸ்டன் அவரைச் சொந்தக்காரரைப் போல வரவேற்று, வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். லெ ஜென்டில் தேர்ந்தெடுத்தது இடிந்துகிடந்த கோட்டை. அந்த இடிபாட்டின் மேலேயே ஒரு வானாய்வுக் கூடம் எழும்பியது.

ஒரு நல்ல தொலைநோக்கி தேவைப்பட்டது. அதை அனுப்பிவைத்தவர்கள் யார் தெரியுமா? சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள்! ஏழு வருடம் முன்பு எந்தத் தரப்பு அவரைக் கரையிறங்கவிடாமல் செய்ததோ, அதே தரப்பு. போர் முடிந்திருந்தது. வானத்தைப் பார்க்கும் வேலையில் பகையைப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது. அந்த நாட்களில்தான், அவரது பயணத் திட்டத்தில் எங்குமே இல்லாத ஒரு விஷயம் நடந்தது. உள்ளூர்த் தமிழர்கள் கிரகணத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

அவர் பார்த்த முறை இதுதான். கணக்குப் போடுபவர் தரையில் உட்கார்ந்துகொள்வார். பேப்பர், பேனா கிடையாது. சோழிகளை நகர்த்திக்கொண்டே போவார். அட்டவணை எல்லாம் மனப்பாடம். சந்திரன் எந்த நாளில் வானத்தில் எங்கே இருக்கும் என்பதை 248 வாக்கியங்களில் அடக்கி வைத்திருந்தார்கள். கேட்பவருக்கு அது சாதாரண வாக்கியம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு என்று தெரிந்தவருக்கு அது சந்திரனின் முகவரி. இன்றும் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த வாக்கியங்களால்தான்.

லெ ஜென்டில் ஒரு பரீட்சை வைத்தார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நடந்து முடிந்திருந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கொண்டார். கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் போட்ட கணக்கு 41 விநாடி குறைவு. அன்று ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி பார்த்தால் 68 விநாடி அதிகம்! சோழிக் கணக்கு உண்மைக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. லெ ஜென்டில் இதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

1769 ஜூன் 4, காலை

புதுச்சேரியில் இந்த முறை முழு இடைநகர்வும் தெரியாது. சூரியன் உதிக்கும்போதே வெள்ளி பாதி வழிக்கு மேல் கடந்திருக்கும். உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் சொச்சம்தான் கிடைக்கும். ஆனால் அது போதும். வெள்ளி வெளியேறும் அந்த நிமிடத்தைக் குறித்துவிட்டால் வேலை முடிந்தது.

மே மாதம் முழுக்கக் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஜூன் 3 ராத்திரியும் அப்படியே. ஆளுநரும் வந்து, இருவரும் வியாழனின் நிலாக்களைப் பார்த்தார்கள். நள்ளிரவுக்குப் பின் விழித்துப் பார்த்தால் வானம் மூடிக்கிடந்தது. விடியும் நேரத்தில் காற்று சுழன்றடித்தது. சூரியன் உதித்தது தெரியவில்லை. வெள்ளி வெளியேறியதும் தெரியவில்லை. எல்லாம் முடிந்து கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. அன்று முழுவதும் சுள்ளென்று வெயில்.

எட்டு வருடக் காத்திருப்பு ஒரு மேகத்தில் போனது. இரண்டு வாரத்துக்கு அவரால் நாட்குறிப்பை ஒழுங்காக எழுத முடியவில்லை. பேனா கையிலிருந்து நழுவியது என்று பின்னால் எழுதினார்.

இன்னொரு இடியும் இருந்தது. அவர் வேண்டாமென்று விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் பளிச்சென்று இருந்தது. அங்கே இருந்த அவருடைய நண்பர் ஒருவர் இடைநகர்வை அழகாகப் பார்த்துக் குறித்து, கடிதமும் அனுப்பிவைத்தார்.

மற்றவர்கள் மட்டும் சொகுசாகவா போனார்கள்?

இல்லை. 1761-ல் இங்கிலாந்து அனுப்பிய சார்லஸ் மேசனும் ஜெரமையா டிக்சனும் சுமத்ராவுக்குக் கிளம்பினார்கள். கப்பல் புறப்பட்ட கையோடு ஒரு பிரெஞ்சுப் போர்க் கப்பல் தாக்கியது. 11 பேர் இறந்தார்கள். 37 பேருக்குக் காயம். சுமத்ரா கைவிட்டுப் போய், கடைசியில் தென்னாப்பிரிக்காவின் முனையில் இறங்கி வேலையை முடித்தார்கள். பின்னாளில் அமெரிக்காவில் மேசன்-டிக்சன் எல்லைக் கோட்டை அளந்தவர்கள் இவர்கள்தான்.

ஷாப் டாட்ரோஷ் என்ற பிரெஞ்சுக்காரர் 1761-ல் சைபீரியாவுக்குப் பனிச்சறுக்கு வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1769-ல் மெக்சிகோவின் மேற்குக் கரைக்குப் போனார். அங்கே கொள்ளை நோய் பரவியிருந்தது. ஊர் மாற்றினால் இடைநகர்வு தப்பிவிடும் என்று அங்கேயே இருந்தார். அருமையாகப் பார்த்தார். ஆகஸ்ட் மாதம் அதே நோயில் இறந்துபோனார். வேலை முடிந்தது, ஆள் திரும்பவில்லை. லெ ஜென்டிலுக்கு இது தலைகீழ்.

இப்படிப் பல பேர் பல மூலைகளில் குறித்த நேரங்களைச் சேர்த்துத்தான் சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்ற கணக்குக்கு வந்தார்கள். ஒருவர் கண்ணை மேகம் மறைத்தால் இன்னொருவர் பார்த்திருப்பார் என்பதற்காகத்தான் அத்தனை பேரை அனுப்பினார்கள்.

வீட்டில் ஒரு சாவுச் செய்தி

லெ ஜென்டில் ஊர் திரும்புவதும் சுலபமாக இல்லை. வயிற்றுக்கடுப்பில் படுத்தார். 1770-ல் மொரீஷியஸ் வரை வந்தார். அங்கிருந்து கிளம்பிய கப்பல் புயலில் அடிபட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பியது. பிறகு ஒரு ஸ்பானியக் கப்பலில் காடிஸ் துறைமுகம் வந்து, தரை வழியாகப் பைரனீஸ் மலையைக் கடந்து, 1771 அக்டோபர் 8 அன்று பிரான்ஸ் மண்ணை மிதித்தார்.

அங்கே அவர் செத்துப்போயிருந்தார்! அவர் எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை. ஆள் காலி என்று முடிவுகட்டிய சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அகாடமியில் அவர் இடத்தில் வேறொருவர். உயிரோடு இருப்பதை நிரூபிக்கவும் சொத்தை மீட்கவும் கோர்ட் படியேறி, செலவழித்துத் தோற்றார். அகாடமியில் இடம் மட்டும் பின்னர் கிடைத்தது. ஆனால் கடைசி அத்தியாயம் நன்றாகவே இருந்தது. கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். 1779-லும் 1781-லும் தன் பயணத்தை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். வெள்ளி பற்றி அதில் சொல்ல அதிகம் இல்லை. கடல், காற்று, தீவுகள், புதுச்சேரித் தமிழர்களின் வானியல் எல்லாம் இருந்தது. 1787-ல் பிரெஞ்சு வானியலாளர் பெய்லி இந்திய வானியல் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதியபோது, லெ ஜென்டில் கொண்டுவந்த கணக்குகளும் அதற்குக் கை கொடுத்தன.

இனி ஜவ்வாது மலை

வேலூரிலிருந்து போளூர் போகும் பஸ்ஸில் ஏறி, கண்ணமங்கலத்தைத் தாண்டினால் சந்தவாசல் வரும். படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான ஊர். அங்கே நின்றால் மேற்கே எழுந்து நிற்பது ஜவ்வாது மலைத் தொடர். அதே தொடரின் மறுபக்கம், ஆலங்காயத்தை ஒட்டிய காட்டுக்குள் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. லெ ஜென்டில் மேகத்தை வெறித்துக்கொண்டிருந்த புதுச்சேரி, காவலூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர்தான்.

நகர வெளிச்சம் படாத இருட்டு, தென்கோடி வானத்தையும் நன்றாகப் பார்க்க வசதியான இடம் என்று தேடி, வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் தேர்ந்தெடுத்த மலை இது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கப் போவதாகக் கணித்திருந்தார்கள். நட்சத்திர ஒளி எப்படி மங்கி மறைகிறது என்று அளந்தால் யுரேனஸின் வளிமண்டலம் பற்றித் தெரியும். அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழு, நாசாவின் பறக்கும் வானாய்வகத்தில், தொலைநோக்கி பொருத்திய பெரிய விமானத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலின் தெற்கே பறந்தது. மேகத்துக்கும் மேலே! லெ ஜென்டில் கேட்டிருந்தால் கண்ணீர்விட்டிருப்பார். காவலூரில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள்.

மறைப்பு எத்தனை மணிக்கு என்பதில் கணிப்புகள் முன்பின்னாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று விமானக் குழு சுமார் 40 நிமிடம் முன்பே கருவிகளை ஓடவிட்டது. சில நிமிடங்களில் நட்சத்திர ஒளி சட்டென மங்கி, சில விநாடிகளில் திரும்பியது. யுரேனஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மேகமா? கருவிக் கோளாறா? மறுபடி மங்கியது. மறுபடியும்.

காவலூருக்கு யுரேனஸ் ஏமாற்றம்தான். அதன் நிழல் தெற்கே விலகிப் போய்விட்டது. ஆனால், அங்கேயும் கணித்த நேரத்துக்கு முன்பே ஒளி சில விநாடிகள் விழுந்து எழுந்தது பதிவாகியிருந்தது. யுரேனஸின் புதிய நிலாவாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். நிலா என்றால் இவ்வளவு தூரம் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி தெரிந்திருக்காது. பல இடங்களில் எடுத்த பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உண்மை புரிந்தது. யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள்! சனிக்கு மட்டும்தான் வளையம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1986-ல் வாயேஜர்-2 பக்கத்தில் போய்ப் படமே எடுத்தது.

காவலூர்க்காரர்கள் காத்திருந்த யுரேனஸ் வரவில்லை. பதிவில் விழுந்த சின்னப் பள்ளத்தைக் குப்பை என்று தள்ளாமல் பத்திரப்படுத்தி உலகத்துக்குச் சொன்னார்கள். புதுச்சேரிக்குப் போன லெ ஜென்டிலுக்கும் வெள்ளி கிடைக்கவில்லை. தரையில் சோழி நகர்த்தியவர் எதிரே உட்கார்ந்து, தன் ஊர் அட்டவணையைவிட அந்தக் கணக்கு மேல் என்று வந்தபோதும் உள்ளபடி குறித்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி இடைநகர்வு 2117 டிசம்பரில். அதற்கு யாரும் இப்போதே டிக்கெட் போட வேண்டாம். அடுத்த முறை வேலையாகப் போளூர்ப் பக்கம் போகும்போது பஸ் சந்தவாசலில் நின்றுவிட்டால், போனை உள்ளே வைத்துவிட்டு மேற்கே ஒரு தடவை பாருங்கள். பக்கத்தில் நின்று டீ குடிப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்.